ஒரே சத்து, இரண்டு தட்டு: உடல் பருமன் உள்ளவருக்கு எது நல்லது?

பருமனாக இருப்பவரைப் பார்த்து எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: “வாயைக் கட்டு.” எந்தச் சாப்பாட்டின் முன் உட்கார்ந்தால் வாயைக் கட்டுவது சுலபம் என்று யாரும் சொல்வதில்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2025இல் வெளியிட்ட சோதனை அதற்குப் பதில் தருகிறது.

கூடுதல் எடையோ பருமனோ உள்ள 55 பேர் இதில் சேர்ந்தார்கள். ஒருவருக்கே 8 வாரம் சமையலறை உணவு, இன்னொரு 8 வாரம் ஆலையில் அதிகம் பதப்படுத்திய உணவு. முதல் தட்டில் இரவே ஊறவைத்த ஓட்ஸ், வீட்டுப் பக்குவத்தில் இறைச்சி சாஸ் ஊற்றிய ஸ்பகெட்டி. இரண்டாவதில் ஓட்ஸ் பார், சூடாக்கினாலே போதும் என்கிற ரெடிமேட் லசானியா (அடுக்கடுக்கான இத்தாலியப் பாஸ்தா). இரண்டுமே பிரிட்டன் அரசின் உணவு வழிகாட்டலுக்கு உட்பட்டவை. வேண்டிய அளவு சாப்பிடலாம்.

இரண்டிலும் எடை குறைந்தது. சமைத்த உணவில் சுமார் 2 சதவீதம், பாக்கெட் உணவில் சுமார் 1 சதவீதம். இவர்கள் வழக்கமாகவே பாதி கலோரிக்கு மேல் ஆலை உணவிலிருந்து பெற்றவர்கள். அதனால் பாக்கெட்டையே பார்த்து வாங்கினாலும் கொஞ்சம் பலன் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. சமைத்ததைச் சாப்பிட்ட வாரங்களில், கண்டதைத் தின்னும் ஆசையை அடக்குவது அவர்களுக்கு எளிதாகியிருக்கிறது. ஆள் அதே ஆள்தான், தட்டுதான் வேறு!

இதயக் கணக்கு இவ்வளவு தெளிவாக இல்லை. உடல் கொழுப்பும் ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பும் சமைத்த உணவில் கூடுதலாக இறங்கின. பருமன் உள்ளவர்களுக்கு டிரைகிளிசரைடு ஏறுவதும் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போவதும் பெரும்பாலும் சேர்ந்தே வரும், அதனால் இது சின்ன விஷயமில்லை. ரத்த அழுத்தத்திலோ கெட்ட கொலஸ்ட்ராலிலோ சமைத்த உணவு ஜெயிக்கவில்லை. 8 வாரம் என்பது குறுகிய காலம் என்பதையும் மறக்கக் கூடாது.

சரி, தட்டு மாறினால் ஏன் ஆசை மாறுகிறது? அமெரிக்காவின் பெதஸ்டாவில் உள்ள அரசு மருத்துவ ஆய்வு நிலையத்தில் ஆய்வாளர் கெவின் ஹால் குழு 2019இல் வெளியிட்ட சோதனை இதற்கு ஒரு விடை தருகிறது. 20 பேரை மருத்துவமனையிலேயே தங்கவைத்து, இரண்டு வாரத்துக்கு ஒரு வகை உணவாகக் கொடுத்தார்கள். பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் சமம். ஆலை உணவில் நார்ச்சத்து போதாததால் அதை லெமனேடில் கரைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது! அப்படியும் ஆலை உணவு சாப்பிட்டபோது தினம் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது; 0.9 கிலோ ஏறியது. சமைத்த உணவில் அதே 0.9 கிலோ இறங்கியது. ஆலை உணவை வேகமாகச் சாப்பிட்டிருக்கிறார்கள். அதிகம் மென்று தின்ன வேண்டாத பண்டம், வயிறு போதும் என்பதற்குள் தட்டைக் காலிசெய்துவிடுகிறது.

அதற்காகப் பாக்கெட்டில் வருவதையெல்லாம் ஒரே தராசில் வைக்கவும் முடியாது. 2 லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2024இல் வந்த ஆய்வில், இதய நோயோடு அதிகம் சேர்ந்து வந்தவை இனிப்பு பானங்களும் சாசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சியும்தான். காலை சீரியலும் தயிர் வகைகளும் அந்தப் பக்கம் சேரவில்லை.

விலையில் மட்டும் ஆலை உணவுக்கே வெற்றி. பெதஸ்டா கணக்கில் தினம் 2,000 கலோரி வீதம் ஒரு வாரத்துக்கு அது 106 டாலர், சமைத்த உணவின் பொருள்களுக்கு 151 டாலர். அப்புறம் நறுக்கி வேகவைக்கும் நேரம் வேறு. முடிந்தவர்கள் சமைத்த தட்டுக்கே போகலாம், என் ஓட்டும் அதற்குத்தான். முடியாதவர்கள் லசானியாவை வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் சோடா பாட்டிலை முதலில் எடுத்துவிடலாம்.