மாதம் ஆயிரமா, ஆயுள் கார்டா? மத்திய அரசு ஓய்வூதியருக்கான மருத்துவக் கணக்கு

ஓய்வு பெற ஆறு மாதம் இருக்கும்போது அலுவலகத்தில் எல்லோரும் பேசுவது பணிக்கொடையைப் பற்றியும், ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கும் கம்யூட்டேஷனைப் பற்றியும்தான். "மருத்துவத்துக்கு என்ன ஏற்பாடு?" என்று கேட்டால், "அதான் கவர்ன்மென்ட் பாத்துக்குமே" என்பார்கள். சி.ஜி.எச்.எஸ். என்ற மத்திய அரசு சுகாதாரத் திட்டம் இருக்கும் சென்னையில் வேலை பார்த்து அங்கேயே தங்கப்போகிறவர் அப்படிச் சொல்லிக்கொள்ளலாம். என்னைப்போல் அது இல்லாத தஞ்சாவூரில் குடியிருப்பவர்கள் சொல்ல முடியாது. பணியில் இருந்தவரை எங்களுக்கு 1944-ஆம் ஆண்டின் சி.எஸ்.(எம்.ஏ.) விதிகள், அதாவது மத்திய அரசு ஊழியருக்கான மருத்துவ உதவி விதிகள் இருந்தன. அரசு மருத்துவமனைக்கோ அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைக்கோ போனோம், பில்லைக் கொடுத்தோம், பணம் வந்தது. அந்த விதிகள் ஓய்வூதியருக்குப் பொருந்தாது. பிரிவுபசார விழா முடிந்து மாலையோடு வீட்டுக்கு வரும் நாளோடு அந்தக் கதவு மூடிவிடும்.

அதன் பிறகு இருப்பவை மூன்று வழிகள். முதலாவது, நிலையான மருத்துவப் படி, அதாவது எஃப்.எம்.ஏ. மாதம் 1,000 ரூபாய் ஓய்வூதியத்தோடு சேர்ந்து வரும். சி.ஜி.எச்.எஸ். இல்லாத பகுதியில் குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான் இது. இரண்டாவது, பணம் கட்டி முழு சி.ஜி.எச்.எஸ். கார்டு எடுத்து, பக்கத்தில் இருக்கும் ஊரின் வெல்னஸ் சென்டரில், அதாவது அந்தத் திட்டத்தின் மருந்தகத்தில் பதிந்துகொள்வது. எங்களுக்கு அது திருச்சி. மூன்றாவது கலப்பு வழி: வெளிநோயாளி செலவுக்கு எஃப்.எம்.ஏ., மருத்துவமனையில் படுத்தால் சி.ஜி.எச்.எஸ். கார்டு.

நான் எடுத்தது இரண்டாவது. அதனால் இந்தக் கட்டுரை அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

முதலில் கட்டணம். ஊதிய நிலை 1 முதல் 5 வரை மாதம் 250 ரூபாய், 6-க்கு 450, 7 முதல் 11 வரை 650, 12-க்கும் அதற்கு மேலும் 1,000. ஓய்வூதியர் இதை வருடா வருடம் கட்டலாம். அல்லது பத்தாண்டுத் தொகையை ஒரே தடவையாகக் கட்டி ஆயுள் கார்டு வாங்கிக்கொள்ளலாம். அப்படிப் பார்த்தால் 30,000, 54,000, 78,000, 1,20,000 என்று வரும். நான் நிலை 7, ஆகவே 78,000. பணிக்கொடை கையில் வரும் சமயத்திலேயே கட்டிவிடுவது நல்லது. மகள் கல்யாணம், மாடி கட்டுவது என்று அது கரைந்த பிறகு 78,000 என்பது மலைப்பாகத் தெரியும். இந்தக் கட்டணங்கள் ஏழாவது ஊதியக் குழுவை ஒட்டி 2017-இல் வந்தவை. எட்டாவது குழுவுக்குப் பிறகு இப்படியே இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

கார்டு வேண்டுமா வேண்டாமா என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. மருத்துவமனைச் செலவுக்கு மொத்த உச்சவரம்பு கிடையாது. ஏற்கெனவே இருக்கும் நோய் என்று சொல்லி மூன்று வருடம் காக்கவைக்க மாட்டார்கள். கணவனோ மனைவியோ தானாக உள்ளே வருவார். என் வீட்டுக்காரர் தனியார் கம்பெனியில் இருந்தவர், ஓய்வூதியம் கிடையாது. என் கார்டுதான் அவருக்கும். எனக்குப் பிறகு குடும்ப ஓய்வூதியம் அவருக்குப் போகும்போது கார்டும் தொடரும். மாத வருமானம் 9,000 ரூபாயும் அதற்குரிய அகவிலைப்படியும் சேர்ந்த தொகையைத் தாண்டாத, நம்மைச் சார்ந்திருக்கும் பெற்றோரையும் சேர்க்கலாம். என் அம்மாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. அந்த வயதுக்கு எந்தக் கம்பெனி என்ன பிரீமியம் சொல்லும் என்று விசாரித்துப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

"ஆயிரம் ரூபாயை வாங்கிக்கொண்டு தனியார் பாலிசி எடுத்துவிடலாமே" என்று ஒரு கட்சி உண்டு. அவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. 2024 ஏப்ரலிலிருந்து 65 வயதுக்கு மேற்பட்டவர்களும் புதிதாகப் பாலிசி எடுக்கலாம். ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்பும் அதிகபட்சம் மூன்று ஆண்டுகள்தான் இருக்கலாம் என்று குறைத்தார்கள். 2025 செப்டம்பரில் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி.யும் போய்விட்டது. ஆனாலும் அறுபதுக்கு மேல் பிரீமியம் வருடாவருடம் ஏறிக்கொண்டே இருக்கும். ஓய்வூதியம் அந்த வேகத்தில் ஏறாது. சொந்த ஊரிலேயே பிடித்த மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பவர்கள் கார்டுக்கு மேலே சின்னதாக ஒரு பாலிசி வைத்துக்கொள்ளலாம். கார்டுக்குப் பதிலாக வேண்டாம்.

70 வயதைத் தாண்டியவர்களுக்கு 2024 அக்டோபரில் வந்த ஆயுஷ்மான் வய வந்தனா கார்டைப் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். வருமான வரம்பு இல்லாமல் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம்; ஆனால் மருத்துவமனையில் சேர்ந்தால் மட்டும். சி.ஜி.எச்.எஸ். வைத்திருப்பவர் இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். கையில் இருப்பதை விட்டு அதற்குப் போக எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. மாநில அரசு ஓய்வூதியர்களுக்கு இந்தக் குழப்பமெல்லாம் இல்லை. 2022 ஜூலையில் தொடங்கிய காப்பீட்டுத் திட்டத்தில் மாதம் 497 ரூபாய் பிடித்தம், நான்கு ஆண்டுகளுக்குச் சேர்த்து 5 லட்சம், குறிப்பிட்ட சில பெரிய சிகிச்சைகளுக்கு 10 லட்சம் என்று போட்டார்கள். போகிற போக்கில் இன்னொன்று: குறைந்தது ஐந்து ஆண்டுகள் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டில் இருந்து, வயது முதிர்ந்து ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் தனக்கும் தன் துணைக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவம் தொடரும். ஆலையில் வேலை பார்த்த பலருக்கு இது தெரிவதே இல்லை.

சரி, கார்டு எடுப்பது என்று முடிவாகிவிட்டது. இனி உண்மையான கேள்வி ஒன்றுதான்: அந்த மாத ஆயிரத்தை வாங்கிக்கொள்வதா, விடுவதா? முழு கார்டுக்கும் கலப்பு வழிக்கும் கட்டணம் ஒன்றே. வித்தியாசம் வெளிநோயாளி வசதியில் மட்டும். இதைத் தீர்மானிப்பது பெரிய ஆபரேஷனோ ஐ.சி.யு.வோ கிடையாது. வீட்டில் மாதாமாதம் வாங்கும் மருந்துதான்.

கடைசி மூன்று மாத மருந்துக்கடை பில்லை எடுத்து வைத்துக் கூட்டிப் பாருங்கள். வீட்டில் இருவருக்கும் சேர்த்து மெட்ஃபார்மின், டெல்மிசார்டன், அட்டோர்வாஸ்டாடின் என்ற அளவில் நிற்கிறது என்றால் எஃப்.எம்.ஏ.வை வாங்கிக்கொள்ளுங்கள். மக்கள் மருந்தகத்தில் அந்த மாத்திரைகள் எல்லாமே அந்த ஆயிரத்துக்குள் அடங்கி மிச்சமும் இருக்கும். இதற்காகத் திருச்சிக்குப் பஸ் ஏறுவது வீண் அலைச்சல்.

என் வீட்டுக்காரருக்கு இன்சுலின். போதாததற்கு, சர்க்கரைக்கே புதிதாக வந்த ஒரு மாத்திரையும் எழுதியிருக்கிறார்கள். அம்மாவுக்குக் கண்ணில் விடும் சொட்டு மருந்து, எலும்புக்கு ஒன்று, என் தைராய்டுக்கு ஒன்று. வெளியே வாங்கினால் மாதம் நாலாயிரத்தைத் தொடும். வருடத்துக்கு 48,000. நான் விட்டுக்கொடுத்தது வருடத்துக்கு 12,000. போக்குவரத்து, ஆட்டோ, காபி எல்லாம் கழித்தாலும் கட்டிய 78,000 இரண்டு மூன்று வருடத்தில் திரும்பிவிடும் கணக்கு. அதோடு எஃப்.எம்.ஏ. 2017 ஜூலையில் 500-இலிருந்து 1,000 ஆனது. அகவிலைப்படி ஏறினாலும் அது ஏறாது. 3,000 ஆக்கச் சொல்லி ஓய்வூதியர் சங்கங்கள் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. மருந்து விலை சங்கத் தீர்மானத்துக்காகக் காத்திருப்பதில்லை.

இனி வெல்னஸ் சென்டர் எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். இதைத் தெரியாமல் கணக்கு மட்டும் போட்டால் பயனில்லை. இந்தத் திட்டம் 1954-இல் டெல்லியில் தொடங்கியது. அப்போதிருந்த டிஸ்பென்சரி என்ற பேர்தான் பழைய ஆட்களின் வாயில் இன்னும் நிற்கிறது. காலையில் சீக்கிரம் திறந்து மதியத்தோடு முடிந்துவிடும். ஆகவே தஞ்சாவூரிலிருந்து போகிறவர் ஏழு மணிக்குள் பஸ் பிடித்தாக வேண்டும். அங்குள்ள மருத்துவர் பார்த்து, சிறப்பு மருத்துவர் எழுதிய சீட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார். இருப்பில் உள்ள மருந்தைக் கவுன்டரில் அப்போதே தருவார்கள். இல்லாததை இன்டென்ட் போடுவார்கள். அதாவது அவர்கள் ஒப்பந்தம் செய்திருக்கும் கடையிலிருந்து தருவிப்பார்கள். அது அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ வரும். திருச்சிக்காரருக்கு இது ஒரு விஷயமே இல்லை. எங்களுக்கு இரண்டாவது தடவை அறுபது கிலோமீட்டர்.

இதற்கு நாங்கள் கண்ட வழி, திருச்சியில் இருக்கும் என் நாத்தனார் மகன். அங்கீகாரக் கடிதம் கொடுத்துவிட்டால் நம் சார்பில் ஒருவர் இன்டென்ட் மருந்தை வாங்கலாம். அவன் வாங்கி வைத்திருப்பான். ஊருக்கு வரும்போது கொண்டுவருவான், இல்லை நாங்கள் அடுத்த தடவை எடுத்துக்கொள்வோம். இன்சுலின் மட்டும் அப்படிச் சும்மா பையில் போட்டுக் கொண்டுவர முடியாது. ஃப்ரீஸரில் உறையவைத்த ஜெல் பாக்கெட்டைத் துண்டில் சுற்றி, பெட்டியின் அடியில் வைத்து, இன்சுலின் நேராக ஐஸில் படாமல் மேலே வைக்க வேண்டும். சித்திரை வெயிலில் பஸ் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டுதான் வருவேன். இது சரிப்படாது என்பவர்கள், உதவிக்குத் திருச்சியில் ஆள் இல்லாதவர்கள், பில் இரண்டாயிரம் என்றாலும் எஃப்.எம்.ஏ. பக்கம் போவதுதான் நிம்மதி.

இன்னொரு தொல்லை பிராண்ட். மருத்துவர் ஒரு பெயரில் எழுதுவார், கவுன்டரில் வேறு பெயரில் வரும். உள்ளே இருக்கும் மருந்து ஒன்றே. போன மாதம் வெள்ளை மாத்திரை, இந்த மாதம் ரோஸ். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு தடவையும் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது அதுதானா?" என்று கேட்பார். அட்டை மேல் பேனாவால் "காலை", "ராத்திரி" என்று எழுதி வைத்துவிடுவேன்.

மருத்துவமனை விஷயத்தில் என் அனுபவம் குறைவு. அம்மாவின் கண்புரை அறுவை ஒன்றுதான். திருச்சியில் சி.ஜி.எச்.எஸ். பட்டியலில் உள்ள ஒரு மருத்துவமனையில் பணம் கட்டாமல் நடந்தது. லென்ஸை மட்டும் உயர்ந்ததாகக் கேட்டோம். அந்த வித்தியாசத்தை நாங்கள் கொடுத்தோம். 70 வயதைத் தாண்டியவர்கள் வெல்னஸ் சென்டர் சீட்டு இல்லாமலே பட்டியலில் உள்ள மருத்துவமனையின் சிறப்பு மருத்துவரைப் போய்ப் பார்க்கலாம் என்பது அம்மாவுக்கு வசதியாக இருந்தது. நெஞ்சுவலி போன்ற அவசரத்தில் பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் சேர்த்தாலும் திரும்பக் கேட்கலாம், ஆனால் சி.ஜி.எச்.எஸ். நிர்ணயித்த விலைக்குத்தான் கிடைக்கும், மீதி நம் தலையில். விண்ணப்பம் ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். அப்படி விண்ணப்பித்தவர்களில் சிலர் சீக்கிரம் வந்தது என்கிறார்கள், சிலர் முகம் சுளிக்கிறார்கள். 2025 அக்டோபரில் சிகிச்சை விலைகளைப் பெரிய அளவில் மாற்றி உயர்த்தியிருக்கிறார்கள். பழைய விலை கட்டுப்படியாகவில்லை என்று முனகிய மருத்துவமனைகள் இனி எப்படி நடத்தும் என்பதைக் கொஞ்ச நாள் போனால்தான் சொல்ல முடியும்.

இப்போது, அறுபதில் நன்றாக இருப்பவர்களுக்காக ஒன்று. எஃப்.எம்.ஏ.வா வெளிநோயாளி வசதியா என்ற விருப்பத்தை ஆயுளில் ஒரே ஒரு தடவை மாற்றிக்கொள்ளலாம். என்னோடு ஓய்வு பெற்ற தோழி ஒருத்திக்கு ஒரு மாத்திரைகூடக் கிடையாது, தினமும் பெரிய கோயிலை மூன்று சுற்றுச் சுற்றுகிறாள். அவள் கலப்பு வழியை எடுத்தாள்: கார்டுக்குப் பணம் கட்டிவிட்டாள், ஆயிரத்தையும் வாங்கிக்கொள்கிறாள், மாற்றும் உரிமையைத் தொடாமல் வைத்திருக்கிறாள். எழுபதில் இன்சுலினோ வேறு எதுவோ வந்தால் அன்றைக்கு மாற்றிக்கொள்வாள். அவள் நிலையில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். மருந்து நிறைய இருந்தும் முதலில் ஆயிரத்தை வாங்கிப் பார்ப்போம் என்று தொடங்கி, ஆறே மாதத்தில் அந்த ஒரு வாய்ப்பைச் செலவழித்துவிட்டால், பிறகு வெல்னஸ் சென்டர் இல்லாத வேறு ஊரில் மகனோடு போய் இருக்க வேண்டி வரும்போது கை கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடும்.

இதையெல்லாம் ஓய்வூதிய விண்ணப்பம் நிரப்பும்போதே கேட்டுவிடுவார்கள். எஃப்.எம்.ஏ. வேண்டுமா என்ற கட்டத்தில் அலுவலக உதவியாளர் பழக்கத்தில் "ஆம்" என்று போட்டுவிடுவதும் நடக்கும். பி.பி.ஓ. என்ற ஓய்வூதிய ஆணையில் அப்படியே ஏறிவிட்டால், முழு கார்டுக்கு விண்ணப்பிக்கும்போது படி வாங்கவில்லை என்பதற்குச் சான்று வாங்க அலைய வேண்டும். ஆகவே பில்களைக் கூட்டிப் பார்க்கும் வேலையை அந்தப் படிவம் மேஜைக்கு வருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.