கோட்டாறு கடைத்தெரு: கருப்பட்டியும் கிராம்பும் வாங்கப் போகிறவர்களுக்கு

கிரேக்கப் புவியியலாளர் தாலமி 2ஆம் நூற்றாண்டில் குறித்த ‘கொட்டியாரா’ இந்தக் கோட்டாறுதான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. சோழர் காலத்தில் மும்முடிச் சோழநல்லூர், பிறகு திருவிதாங்கூர், 1956 நவம்பர் 1 முதல் சென்னை மாநிலம், அதாவது இன்றைய தமிழ்நாடு. நாகர்கோவிலில் பலசரக்கு மொத்தமாக வேண்டுமென்றால் இன்றும் இங்கேதான்.

கருப்பட்டியை வெளிநிறம் பார்த்து வாங்காதீர்கள். ஒன்றை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். உடைந்த இடம் சீனி மணியாக மினுங்கினால் கலப்படம். மங்கலான கருநிறம் என்றால் தாராளமாக எடுக்கலாம். மழைக்காலத்தில் ஈரம் இழுத்து இளகிவிடும், அப்போது அரைக்கிலோவுக்கு மேல் வேண்டாம்.

கிராம்பில்தான் ஏமாறுகிறவர்கள் அதிகம். மாறாமலை, வெள்ளிமலைப் பக்கம் விளையும் கன்னியாகுமரி கிராம்புக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதையே கேட்டு வாங்குங்கள். மொட்டு உதிராமல் இருக்க வேண்டும், காம்பை நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசிய வேண்டும். சந்தேகமா? ஒரு தம்ளர் தண்ணீரில் நாலைந்தைப் போடுங்கள். நல்ல சரக்கு மூழ்கும், அல்லது மொட்டு மேலே பார்த்தபடி நிமிர்ந்து நிற்கும். எண்ணெய் எடுத்த சக்கை படுத்து மிதக்கும். (கறிக்கு இரண்டு போட வேண்டிய இடத்தில் ஆறு போட்டும் மணக்கவில்லை என்றால் காரணம் இதுதான்.)

நல்லமிளகைக் கையால் அள்ளிப் பாருங்கள். கனமில்லாமல் விரலில் நசுங்கினால் பதர்.

தெரு குறுகல். சரக்கு லாரி நின்றால் நடக்கவே சிரமம். காரைத் தள்ளி நிறுத்திவிட்டு வாருங்கள்.