தாராசுரம் கோயில் வாசலில் ‘கவர்மெண்ட் கைடு’ என்று வருபவரிடம் ஜாக்கிரதை

போன மாதம் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். மறுநாள் மாலை வரை ரயில் இல்லை. நாலு கிலோமீட்டர்தானே என்று நானும் மனைவியும் தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலுக்கு ஆட்டோ பிடித்தோம்.

செருப்பைக் கழற்றும்போதே ஒருவர் வந்துவிட்டார். கழுத்தில் நீல நாடா, அதில் ஓர் அட்டை. “கவர்மெண்ட் கைடு சார், 300 ரூபாய்தான்” என்றார். அட்டை கடைசி வரை பின்பக்கம் திரும்பியே தொங்கியது. நானும் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை. நுழைவுக் கட்டணம் என்று ஆளுக்கு 100 வாங்கிக்கொண்டு “சீட்டு என்கிட்டயே இருக்கட்டும்” என்றார். இந்தக் கோயிலில் நுழைவுக் கட்டணமே கிடையாது. தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருந்தாலும் பூஜை நடக்கிற கோயில், சும்மாவே உள்ளே போகலாம்.

அடுத்தது பலிபீடத்தின் இசைப் படிகள், தட்டினால் ஸ்வரம் கேட்கும் கல்படிகள். தட்டித் தட்டியே தேய்ந்துவிடும் என்று அவற்றைக் கம்பி போட்டு அடைத்திருக்கிறார்கள். “உங்களுக்காக ஸ்பெஷலா தட்டிக் காட்டறேன்” என்று இன்னொரு 200 வாங்கினார். வாங்கிவிட்டு மோதிர விரலால் இரும்புக் கம்பியைத் தட்டினார். கம்பி ‘ணங்’ என்றது. “கேட்டுச்சா சார், ரிஷப ஸ்வரம்!” என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

நியாயமாகச் சொன்னால், ஒரே தலையில் யானையும் காளையும் தெரிகிற சிற்பத்தை நன்றாகவே காட்டினார். ஒரு பக்கத்து உடலைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. அதிலேயே அவர் மேல் நம்பிக்கை வந்துவிட்டது. அப்புறம் சொன்னதெல்லாம் கதை. 2000 வருஷக் கோயிலாம், ஒரே பாறையைக் குடைந்ததாம். உண்மையில் கட்டியவர் சோழ மன்னன் இரண்டாம் ராஜராஜன், 12ஆம் நூற்றாண்டு. தேர்ச் சக்கரமும் குதிரையும் வைத்த ராஜகம்பீரன் மண்டபத்தில் படம் எடுக்க ஐந்து நிமிடம் விட்டார். கருவறைச் சுவரைச் சுற்றப் போனால், “அங்க எல்லாம் ஒரே மாதிரி சின்னச் சின்ன பொம்மை சார், நேரமாச்சு” என்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அந்தப் ‘பொம்மை’ என்னவென்று ஊருக்கு வந்து படித்தபோதுதான் தெரிந்தது. அடித்தளத்தைச் சுற்றி நாயன்மார்களின் வரலாறு, பெரிய புராணமே கல்லில் வரிசையாக. சிலவற்றுக்கு மேலே சோழர் காலத் தமிழில் பெயரும் வெட்டியிருக்கிறது. சேக்கிழார் பாடியது இந்த ராஜராஜனின் தகப்பன் இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில். முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் மீட்கும் காட்சியும் அங்கே இருக்கிறதாம். அதிலிருந்து பத்தடி தள்ளி நின்று நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். கொடுத்த பணத்தைவிட இதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

நேரமாச்சு என்றது எதற்கு? புடவைக் கடைக்கு. “தறியிலேயே வாங்கலாம், பாதி விலை” என்றார். தாராசுரத்தில் தலைமுறை தலைமுறையாகப் பட்டு நெய்கிறவர்கள் உண்டு, அவர்களை நான் குறை சொல்லவில்லை. கடை முகப்பில் ஒரு தறி நிஜமாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் தறியில் இருந்த புடவை வேறு, அலமாரியிலிருந்து எடுத்துப் போட்டது வேறு. அத்தைக்கு என்று 7,800 கொடுத்து ஒன்று வாங்கினோம்.

அத்தை கெட்டிக்காரி. முந்தானை ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினார். பட்டு என்றால் முடி கருகிய வாடை வரும், சாம்பல் விரலில் பொடியும். இது சுருண்டு, உருகி, கறுப்பு மணியாக நகத்தில் ஒட்டிக்கொண்டது. “ஏண்டா, இது புடவையா, பிளாஸ்டிக் வாளியா?” என்றார்.

கடைக்கு போன் செய்தால், “வித்தது வித்ததுதான்.” நுகர்வோர் உதவி எண் 1915க்கும் பேசினேன். பில் இருக்கிறதா என்று கேட்டார்கள். என்னிடம் இருந்தது ‘எஸ்டிமேட்’ என்று கையால் எழுதிய துண்டுச் சீட்டு. கடைப் பெயரும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை.

போகிறவர்கள் சுற்றுலாத் துறை கொடுத்த அட்டையா என்று திருப்பிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள், கூலியை முதலிலேயே முடிவு செய்யுங்கள். கூட்டிக்கொண்டு போகிற கடைக்குப் போகாதீர்கள். பட்டு வாங்கியே ஆக வேண்டும் என்றால், அசல் பட்டு என்பதற்கான சில்க் மார்க் சீட்டும் முறையான பில்லும் இல்லாமல் பணத்தை எடுக்காதீர்கள். கருவறையைச் சுற்றி அடித்தளத்தைக் குனிந்து பாருங்கள். தை மாதம் நாங்கள் மறுபடி போகிறோம், இந்த முறை அத்தையும் வருகிறார்.