14,800 ரூபாய் வாங்கிக்கொண்டு டிஸ்கைத் துடைத்துக் கொடுத்தார்கள்: விண்டோஸ் அப்டேட் பாதியில் நின்றால் கடைக்கு ஓடாதீர்கள்

பணம் கட்டி எட்டு நாள் ஆகிறது. 14,800 ரூபாய். இன்று மதியமும் போன் செய்தேன். "ஓனர் ஊர்ல இல்ல சார்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். இனி கேட்டுப் பயனில்லை என்பதால் எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. "எல்லா பிராண்டும் சர்வீஸ், சிப் லெவல், டேட்டா ரெக்கவரி" என்று போர்டு மாட்டிய, பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடை. அதே போர்டு உங்கள் ஊரிலும் நிச்சயம் இருக்கும்.

மெஷின் திருச்சியில், அப்பாவின் மேசையில் இருக்கிறது. நான் வெளியூரில். 2022-இல் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்: 12-ஆம் தலைமுறை ஐ5, 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி டிஸ்க், விண்டோஸ் 11 ஹோம், 24எச்2 வெர்ஷன். 2025 அக்டோபர் 14-ஆம் தேதி வந்த மாதாந்திர அப்டேட், கேபி5066835, இறங்கியிருந்தது. 18-ஆம் தேதி ரீஸ்டார்ட் கொடுத்து 30 சதவீதம் ஓடும்போது கரண்ட் போனது. யூபிஎஸ் இரண்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை. அதன்பின் விண்டோஸ் எழவில்லை, இரண்டு மூன்று முறை முயன்றுவிட்டு ரெக்கவரி என்ற நீலத் திரைக்குப் போய் நின்றது. ரிப்பேர், அப்டேட்டை நீக்குதல், கமாண்ட் பிராம்ப்ட் எல்லாம் அந்தத் திரையில்தான் இருக்கின்றன. ஆனால் அங்கே கீபோர்டும் வேலை செய்யவில்லை, மவுஸும் வேலை செய்யவில்லை. எந்த யூஎஸ்பி போர்ட்டில் மாற்றிச் செருகினாலும் அதே கதை.

இந்த இடத்தில்தான் கடைக்காரர் கதையைத் தொடங்கினார். "மதர்போர்டுல யூஎஸ்பி கன்ட்ரோலர் போயிருச்சு ஐயா, சிப் லெவல்ல பார்க்கணும்" என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்.

உண்மை என்னவென்றால், அந்த அக்டோபர் அப்டேட்டில் ஒரு பிழை இருந்தது. விண்டோஸ் 11-இன் 24எச்2, 25எச்2 இரண்டிலும், ரெக்கவரி திரைக்குள் யூஎஸ்பி கீபோர்டும் மவுஸும் செயலிழந்துவிடும். விண்டோஸுக்குள் ஒழுங்காக வேலை செய்யும், ரெக்கவரியில் மட்டும் செத்துக் கிடக்கும். மைக்ரோசாஃப்டே அதை ஒப்புக்கொண்டு, அக்டோபர் 20-ஆம் தேதி கேபி5070773 என்ற அவசரத் திருத்தத்தை வெளியிட்டது. அன்று தீபாவளி. எங்கள் மெஷின் அதற்கு இரண்டு நாள் முன்பே படுத்துவிட்டது. எழவே எழாத மெஷினில் அந்தத் திருத்தம் தானாகப் போய் இறங்கவும் முடியாது.

போர்டு போயிருக்கிறதா, இல்லையா என்று பார்க்க அரை நிமிடம் போதும், காசு வேண்டாம். ஆன் செய்ததும் டெலீட் அல்லது எஃப்2 தட்டி, விண்டோஸுக்கு முன்பே ஓடும் போர்டின் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போங்கள். அங்கே அம்புக்குறி விசைகள் வேலை செய்தால் யூஎஸ்பி கன்ட்ரோலர் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். பயாஸில் வேலை செய்கிற கீபோர்டு விண்டோஸ் ரெக்கவரியில் மட்டும் வேலை செய்யவில்லையென்றால் கோளாறு மென்பொருளில், போர்டில் இல்லை. 25-ஆம் தேதி ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் இதைத்தான் முதலில் பார்த்தேன். முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் ஆறு, எட்டு போர்ட்டும் சுத்தமாக வேலை செய்தன. "சரி பண்ணிட்டோம்ல, அதான் வேலை செய்யுது" என்றார்கள். கேபினெட்டைத் திறந்தேன். சிப் லெவல் வேலை செய்ய வேண்டுமென்றால் போர்டை வெளியே எடுத்தாக வேண்டும்: 24 பின் கனெக்டர், பிராசஸர் பவர் கனெக்டர், கிராஃபிக்ஸ் கார்டு, திருகுகள் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். 24 பின் கனெக்டரின் தாழ்ப்பாள் மேல் மூன்று வருடத் தூசி விரல் படாமல் அப்படியே இருந்தது. திருகுத் தலைகளிலும் அதே தூசி. கழற்றப்பட்டது எஸ்எஸ்டியின் ஒற்றைத் திருகு மட்டும்தான். இதற்கு 4,500 ரூபாய்.

வாட்ஸ்அப்பில் வந்த கணக்கு இது: செக்கிங் 500, போர்டு வேலை 4,500, புது எஸ்எஸ்டி 3,800, ஒரிஜினல் விண்டோஸ் 2,500, டேட்டா ரெக்கவரி 3,500. மொத்தம் 14,800. கையில் கொடுத்த பில்லில் "கம்ப்யூட்டர் சர்வீஸ் 14,800" என்று ஒற்றை வரி, ஜிஎஸ்டி எண்கூடக் கிடையாது.

நம்பியது எந்த இடத்தில் என்றும் சொல்லிவிடுகிறேன். 18-ஆம் தேதி சாயங்காலம் போனில் கேட்டேன்: "விண்டோஸ் போனால் போகட்டும், உள்ளே இருக்கும் ஃபைல்கள்தான் முக்கியம். எடுக்க முடியுமா?" வந்த பதில்: "டேட்டாவ பத்திக் கவலையே படாதீங்க சார். மொதல்ல டேட்டாவ எடுத்து வெச்சுட்டுத்தான் மெஷின்ல கை வைப்போம். அதுக்கு நான் பொறுப்பு." அந்த "நான் பொறுப்பு" என்ற சொல்லுக்குத்தான் சரி சொன்னேன். அந்த டிஸ்கில் இருந்தவை அம்மாவின் படங்கள், நிலப் பத்திரங்களின் ஸ்கேன், 2011-இலிருந்து சேர்த்த குடும்பப் புகைப்படங்கள்.

அவர் சொன்னது பொய் என்பது அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். 24எச்2-ஐப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், டிபிஎம், செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் உள்ள மெஷினில், டிஸ்கையே பூட்டிவைக்கும் என்கிரிப்ஷன் தானாகவே இயங்கத் தொடங்கிவிடும், ஹோம் பதிப்பிலும்கூட. ஜனவரியில் அப்படித்தான் நிறுவினோம். என்கிரிப்ட் ஆன டிஸ்கை வேறு மெஷினில் மாட்டினாலும், வேறு பென்டிரைவில் பூட் செய்து பார்த்தாலும், 48 இலக்க ரெக்கவரி கீ இல்லாமல் ஒரு ஃபைல்கூடத் தெரியாது. எவ்வளவு பெரிய நிபுணராக இருந்தாலும் முடியாது. அந்த எண்ணைக் கடை எங்களிடம் கேட்கவே இல்லை. ஆறு நாளில் ஒரு தடவைகூட இல்லை. கீயே கேட்காமல் டேட்டா ரெக்கவரிக்கு 3,500 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள்.

கொடுத்தது என்ன? புது எஸ்எஸ்டியில் "பேக்கப்" என்று ஒரு ஃபோல்டர். உள்ளே டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் என்று நான்கு ஃபோல்டர்கள். அப்பா திறந்து பார்த்து, பெயர்கள் சரியாக இருக்கின்றன என்று பணத்தைக் கட்டிவிட்டார். வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பார்த்தால், நான்கும் சேர்த்து 0 பைட்.

"பழைய எஸ்எஸ்டி டெட்" என்று கவரில் போட்டுக் கொடுத்ததை யூஎஸ்பி எங்க்ளோஷரில் மாட்டினேன். உடனே தெரிந்தது. டிஸ்கின் நலத்தைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் ஹெல்த் 96 சதவீதம், பிழை ஒன்றும் இல்லை. ஆனால் டிஸ்க் முழுக்க ஒரே காலிப் பார்ட்டிஷன், "நியூ வால்யூம்". ஃபார்மட் செய்திருக்கிறார்கள்.

ஏன் டெட் என்றார்கள் என்பதும் ஊகிக்கக்கூடியதே. 11-ஆம் தலைமுறை முதல் பல இன்டெல் மெஷின்களில் பயாஸில் விஎம்டி என்று, என்விஎம்இ டிஸ்குகளைத் தன் வழியாகக் கையாளும் ஓர் அமைப்பு இயங்கிக்கொண்டிருக்கும். அது ஆனில் இருந்தால் விண்டோஸ் பென்டிரைவில் பூட் செய்யும்போது, அதற்கான டிரைவரைக் கொடுக்காதவரை டிஸ்க் கண்ணுக்கே படாது. டிஸ்க் இல்லாததுபோல் இருக்கும். எங்கள் மெஷினில் விஎம்டி ஆனில்தான் இருந்தது, நான் வந்து பார்த்தபோது ஆஃப். அப்படியானால் டிஸ்க் ஏன் தெரியவில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தபின்னும் டெட் என்று சொல்லி 3,800 ரூபாய்க்குப் புதிது விற்றிருக்கிறார்கள்.

"ஃபார்மட் ஆனா என்ன சார், சாஃப்ட்வேர் போட்டு எடுத்துக்கலாம்" என்று அடுத்த போனில் சொன்னார்கள். பழைய ஹார்டு டிஸ்கில் அது ஓரளவு உண்மை. குயிக் ஃபார்மட் அங்கே அட்டவணையை மட்டும்தான் அழிக்கும், தரவு மேலே வேறு எழுதும்வரை தட்டில் கிடக்கும். எஸ்எஸ்டியில் அப்படி இல்லை. ஃபார்மட் செய்யும்போதே, இந்த இடம் இனி வேண்டாம் என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் டிரிம் கட்டளையை விண்டோஸ் அனுப்பிவிடும், அதன்பின் அந்தப் பகுதியைப் படித்தால் பெரும்பாலும் வெறும் பூஜ்யம்தான் வரும். இதில் என்கிரிப்ஷன் வேறு. பூட்டின் விவரங்களும் சேர்ந்தே அழிந்துவிட்டதால் 48 இலக்கமும் கையில் இருந்தும் திறக்க ஒன்றுமில்லை. இரண்டு ரெக்கவரி மென்பொருள்களை இரவு முழுக்க ஓடவிட்டேன். ஒரு புகைப்படம்கூட வரவில்லை.

ஒரிஜினல் விண்டோஸ் 2,500 என்பதும் பொய்தான். ஹோம் இருந்த மெஷினில் புரோ போட்டிருந்தார்கள். ரன் பெட்டியில் எஸ்எல்எம்ஜிஆர் கட்டளையை டிஎல்ஐ என்ற சுவிட்ச்சோடு கொடுத்தால் உரிமத்தின் வகை தெரியும். நிறுவனங்கள் மொத்தமாக வாங்கும் கேஎம்எஸ் வகை என்று வந்தது. 180 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய அந்த உரிமத்தை, திருட்டு ஆக்டிவேட்டர் வைத்து ஓட்டியிருக்கிறார்கள். போதாததற்கு, விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் சோதிக்காமல் விடும் விலக்குப் பட்டியலில் ஒரு ஃபோல்டரைச் சேர்த்து வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் துடைத்துவிட்டு அதே ஹோம் பதிப்பை நிறுவினேன். எந்தக் கீயும் கேட்காமல் தானாக ஆக்டிவேட் ஆனது. டிஜிட்டல் உரிமம் போர்டோடு சேர்ந்தது, 2022-இலேயே அதற்குப் பணம் கட்டியாயிற்று.

கேட்டபோதெல்லாம் வந்த பதில்களைப் பாருங்கள். திங்கட்கிழமை: "டெக்னீஷியன் தீபாவளிக்கு ஊருக்குப் போனவர் இன்னும் வரல." செவ்வாய்: "மாத்தின சிப்பெல்லாம் குப்பையில போட்டாச்சு சார்." புதன்: "டேட்டாவுக்குக் கடை பொறுப்பில்லன்னு பில்லுக்குப் பின்னாடி போட்டிருக்கு, படிக்கலையா?" வியாழன்: வாட்ஸ்அப்பில் நீல டிக், பதில் இல்லை. 14,800 ரூபாயில் ஒரு ரூபாய்கூடத் திருப்ப முடியாது என்று வெள்ளிக்கிழமை சொல்லிவிட்டார்கள். "நான் பொறுப்பு" என்ற அதே குரல்.

இப்போது, அந்த மெஷினுக்கு உண்மையில் என்ன செய்திருக்க வேண்டும்? 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று, வேலை செய்கிற இன்னொரு கணினி. மைக்ரோசாஃப்ட் தளத்தில் நிறுவல் ஃபைல் இலவசம், அதைப் பென்டிரைவில் எழுதிக்கொள்ள வேண்டும். அப்படிப் பூட் செய்யும்போது பென்டிரைவில் இருக்கும் சூழலே ஓடும், டிஸ்கில் உள்ள பழுதான ரெக்கவரி அல்ல. அதனால் கீபோர்டு வேலை செய்யும். பழைய வட்ட பின் பிஎஸ்/2 கீபோர்டும், போர்டில் அந்தத் துளையும் இருந்தால் பென்டிரைவ்கூட வேண்டாம்.

மொழி கேட்கும் திரையில் ஷிஃப்ட்டும் எஃப்10-உம் சேர்த்து அழுத்தினால் கமாண்ட் பிராம்ப்ட் என்ற கறுப்புத் திரை வரும். டிஸ்குகளைப் பட்டியலிடும் டிஸ்க்பார்ட் கட்டளையில் டிஸ்க் தெரியவில்லையென்றால் பதற வேண்டாம், விஎம்டி டிரைவரைப் போர்டு நிறுவனத்தின் தளத்தில் இறக்கிப் பென்டிரைவில் வைத்து ஏற்றிக்கொள்ளலாம். டிரைவ் எழுத்துகள் இங்கே மாறியிருக்கும், உங்கள் சி டிரைவ் டி ஆகத் தெரியலாம். பூட்டியிருந்தால் 48 இலக்கக் கீயைக் கொடுத்துத் திறக்க வேண்டும். அந்தக் கீ உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சாதனங்களின் பட்டியலில் இருக்கும். ஒன்றுக்கு மேல் இருந்தால், திரையில் தெரியும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்துகளை வைத்துப் பொருத்துங்கள். எட்டு தொகுதி, தொகுதிக்கு ஆறு இலக்கம், ஒவ்வொரு தொகுதியும் 11-ஆல் மீதியின்றி வகுபடும். எழுதி வைத்ததில் ஓர் எண் தப்பியிருந்தால் எந்தத் தொகுதி என்று இதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

திறந்ததும் முதலில் ஃபைல்கள். கறுப்புத் திரையில் நோட்பேட் என்று ஆங்கிலத்தில் தட்டினால் நோட்பேட் திறக்கும். அதில் ஃபைல், ஓப்பன் போய், வகையை "ஆல் ஃபைல்ஸ்" என்று மாற்றினால் அந்தப் பெட்டியே சின்ன எக்ஸ்ப்ளோரர் ஆகிவிடும். யூசர்ஸ் ஃபோல்டரை வலது கிளிக் செய்து காப்பி, வெளி டிஸ்கில் பேஸ்ட். நகரும் கோடு எதுவும் தெரியாது, தொங்கியதுபோல் இருக்கும், காத்திருக்க வேண்டும். அது முடிந்தபின்தான் விண்டோஸைத் தொட வேண்டும்: விண்டோஸைப் பழுதுபார்க்கும் டிஐஎஸ்எம் கட்டளையில் பாதியில் நிற்கும் மாற்றங்களைத் திரும்பப் பெறும் "ரிவர்ட் பெண்டிங் ஆக்‌ஷன்ஸ்", இல்லையென்றால் ரிப்பேர் பகுதியில் கடைசி குவாலிட்டி அப்டேட்டை, அதாவது மாதாந்திர அப்டேட்டை, நீக்குவது. கரண்ட் போய் அப்டேட் பாதியில் நின்ற மெஷின் பெரும்பாலும் இந்த இரண்டில் எழுந்துவிடும். செலவு ஒரு பென்டிரைவ். இதற்குத்தான் 14,800 ரூபாயும் பதினான்கு வருடப் படங்களும் போயின.

விரிவாக ஒரு வழிகாட்டி எழுத நினைத்தேன், இப்போது அதற்கு மனமில்லை. இதை மட்டும் செய்யுங்கள். இன்றைக்கே ரெக்கவரி கீயைத் தாளில் எழுதி வையுங்கள். கடைக்குக் கொடுக்கும் முன் எஸ்எஸ்டியைக் கழற்றி வீட்டில் வையுங்கள், ஒரே ஒரு திருகு. டேட்டா எடுப்பேன் என்பவர் கீ கேட்கவில்லையென்றால் மெஷினைத் திரும்ப வாங்கிவிடுங்கள். ஃபோல்டரின் பெயரைப் பார்க்காதீர்கள், அளவைப் பார்த்துப் பணம் கொடுங்கள். பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். "ஃபார்மட் செய்யக் கூடாது" என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தாயிற்று. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான தொகைக்குக் கட்டணமே கிடையாது, அதற்கும் தயார் செய்கிறேன். யூபிஐ ரசீது, வாட்ஸ்அப் கணக்கு, தூசியோடு எடுத்த கனெக்டர் படம், ஹெல்த் 96 சதவீதம் காட்டும் திரை எல்லாம் பிரிண்ட் எடுத்தாயிற்று. திங்கட்கிழமை கடைக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் போகிறது.