நார்த்ஈஸ்டர் டோரி: சில சீசன் ஓட்டியபின்

ஜான் சி. ஹாரிஸ் வரைந்த நார்த்ஈஸ்டர் டோரியை, துடுப்பும் பாயும் போட்டு ஓட்டும் சின்ன மரப் படகை, சில வருடங்களாக அமெரிக்காவின் அனாபொலிஸ் பக்கத்து ஆறுகளில் ஓட்டுகிறேன். 17 அடி நீளம். வெறும் கூடு 100 பவுண்டு, நம் கணக்கில் 45 கிலோ. இரண்டு பேர் தூக்கி டிரெய்லரில் வைத்துவிடலாம். இதன் சுகம், தொல்லை இரண்டுமே இந்த எடையில்தான் இருக்கின்றன.

கட்டுவது கஷ்டமில்லை. கிட்டாக வாங்கினால் ஒகூமே என்ற இலேசான மரத்தின் பிளைவுட் பலகைகள் வெட்டியே வருகின்றன, ஒன்றன்மேல் ஒன்று உட்கார விளிம்பில் படி இருக்கும். செம்புக் கம்பியால் தைத்து மூட்டில் எபாக்சிப் பிசின் விட்டால் வடிவம் தானாக வந்துவிடும். தச்சு வேலை தெரியாதவரும் செய்யலாம், உப்புத்தாள் தேய்க்கச் சலிக்கக் கூடாது, அவ்வளவுதான். எபாக்சி இறுகியதும் மேலே பிசுக்கு படியலாம். தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகே தேயுங்கள். இல்லாவிட்டால் தாள் அடைத்துக்கொள்ளும், அடுத்த பூச்சும் ஒட்டாது.

முதல்முறை கால் வைப்பவர் பதறுவார். அடி ஒடுங்கி, மேலே போகப்போக விரியும் உடம்பு. காலியாக இருந்தால் ஆடும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் கிராண்ட் பேங்க்ஸ் கடலில் காட் மீன் பிடித்த பழைய டோரிகளும் மீன் ஏற ஏறத்தான் நிதானப்பட்டன. இதுவும் கொஞ்சம் சாய்ந்ததும் பக்கப் பலகை தண்ணீரில் படிந்து தாங்கிக்கொள்ளும். கூட ஒருவர் உட்கார்ந்தால் சமர்த்தாகிவிடும். தனியாகப் போகும்போது தண்ணீர் கேன்களை நிரப்பி நடுவில் கட்டிவைக்கிறேன்.

துடுப்பு வலிக்க அருமையான படகு. ஆனால் எடை குறைவு என்பதால் எதிர்காற்று வந்தால் ஒரு வலிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் வேகம் செத்துவிடும். நீட்டி வலிக்காமல் குட்டையாக, வேகமாக வலிக்க வேண்டும்.

பாய் விரித்தால் பக்கக் காற்றில் பிய்த்துக்கொண்டு போகும். காற்றை எதிர்த்து ஏறுவது சுமார்தான். திருப்பும்போது பாதியில் நின்றால் துடுப்பால் ஒரு தள்ளு தள்ளுவேன், வெட்கமெல்லாம் இல்லை. கவிழ்ந்து ஏறிப் பழக நினைப்பவர்கள் கோடைக்கு முன்பே பழகிவிடுங்கள். ஜூலை, ஆகஸ்டில் இங்கே செசபீக் விரிகுடாவில் கொட்டும் ஜெல்லி மீன்.

இந்த விரிகுடாவின் சராசரி ஆழமே 21 அடிதான், ஆற்று முகங்களில் இன்னும் குறைவு. பாயில் போகும்போது படகு பக்கவாட்டில் நகராமல் நடுவில் நேராக இறக்கும் பலகை சிப்பித் திட்டில் உரசி, நுனியில் எபாக்சி பெயர்ந்தது. விரல் நக அளவு இடம்தான். சீசன் முடிந்து பார்த்தால், அதற்குள் தண்ணீர் புகுந்து ஒகூமே ஓர் அங்குலத்துக்குக் கறுத்திருந்தது. இந்த மரம் ஈரத்தைத் தாங்காது. சுரண்டி, நன்றாக உலரவிட்டு, நுனியில் கண்ணாடி இழைத் துணி ஒட்டிய பிறகு தொல்லை இல்லை. எபாக்சிக்கு வெயிலும் ஆகாது. உள்பக்கம் வார்னிஷ் அழகுதான். வருடா வருடம் தேய்த்துப் பூச யாரால் ஆகும்? நான் வெளிர் சாம்பல் பெயின்ட்டுக்கு மாறிவிட்டேன்.

லக் என்ற நாலு மூலை ஒற்றைப் பாயா, ஸ்லூப் என்ற இரட்டைப் பாயா என்று கேட்டால் லக் போதும் என்பேன். ஸ்லூப்பில் முன்பாய் ஒன்று கூடும், அதற்குக் கயிறுகளும் கூடும். ஏற்கெனவே துடுப்பும் கேனும் காலை இடிக்கும் படகு இது.