ஒக்ஸ்போர்ட் அகராதியில் 'டேக்': நம்மவருக்கு எவ்வளவு உதவும்?

ஒரு கற்போர் அகராதி எப்படி என்று பார்க்க, அதில் 'டேக்' (take) என்ற சொல்லைப் புரட்டினால் போதும். இங்கே பார்ப்பது 'ஒக்ஸ்போர்ட் அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ் டிக்சனரி'யின் அச்சுப் பதிப்பு. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்கென்றே ஏ. எஸ். ஹோர்ன்பி ஜப்பானில் இருந்தபோது தொகுத்தது. 1942இல் டோக்கியோவில் முதலில் வெளிவந்தது. பத்தாம் பதிப்பு 2020இல் வந்தது.

டியூசன் கொப்பிகளில் 'டேக் = எடு' என்று ஒரே வரிதான் இருக்கும். இந்த அகராதியோ 'கொண்டு போ, கூட்டிக்கொண்டு போ' என்ற பொருளை முதலில் வைத்து, கையால் எடுப்பதைப் பிறகுதான் சொல்கிறது. அந்த வரிசை சரி. அறுகம்பேயில் ஓட்டோ ஓட்டுபவர் வெள்ளைக்காரரிடம் 'ஐ வில் டேக் யூ டு பொத்துவில்' என்பது அந்த முதல் பொருள்தான். நேரக் கணக்கில் நமக்குச் சிரமமே இல்லை: 'கல்முனைக்குப் போக எவ்வளவு நேரம் எடுக்கும்' என்று நாம் கேட்பதை அப்படியே 'ஹவ் லோங் டஸ் இட் டேக்' என்று கேட்கலாம்.

அகராதியின் உண்மையான பலம் சின்னதொரு குறியில் இருக்கிறது. 'டேக் ஆஃப்' போன்ற கூட்டுவினைகளில் செயப்படுபொருளுக்கும் 'ஆஃப்'புக்கும் இடையே இருதலை அம்பு போட்டிருக்கும். அம்பு இருந்தால் பெயர்ச்சொல்லை நடுவிலும் வைக்கலாம், பின்னாலும் வைக்கலாம்: 'டேக் யோர் ஷூஸ் ஆஃப்', 'டேக் ஆஃப் யோர் ஷூஸ்' இரண்டும் சரி. 'தெம்', 'இட்' போன்ற சுட்டுச்சொல் வந்தால் நடுவில் மட்டும்தான். மாமாங்கேஸ்வரர் கோயில் வாசலில் வெளிநாட்டவரிடம் 'டேக் ஆஃப் தெம்' என்றால் விளங்கும், ஆனால் பிழை. 'டேக் தெம் ஆஃப்' என்க வேண்டும். 'டேக் ஆஃப்டர்' என்பதில் அம்பு இல்லை. தாயை உரிச்சு வைச்ச மாதிரி இருக்கும் பிள்ளையைச் சொல்லும் வினை அது. பிரிக்கவும் முடியாது, செயப்பாட்டு வினையாக்கவும் முடியாது.

குறை எங்கே? தமிழிலிருந்து வரும் தடுக்கல்களை இந்த அகராதி அறியாது. நாம் 'கோல் எடுத்தேன்' என்றால் நாமே அழைத்தோம் என்று பொருள். ஆங்கிலத்தில் 'டேக் எ கோல்' என்றால் வந்த அழைப்பைப் பேசுவது. 'ஐ டுக் எ கோல் டு யூ' என்று மட்டக்களப்பில் இருந்து மின்னஞ்சல் போனால் கொழும்பு அலுவலகம் குழம்பும். 'ஐ கோல்ட் யூ' போதும். இதற்கு நேர்மாறு குளிசை. நாம் குளிசை 'குடிக்கிறோம்', அதனால் வாயில் 'ட்ரிங்க்' வந்து விடுகிறது. ஆங்கிலத்தில் குளிசையோ பாணி மருந்தோ எல்லாமே 'டேக்'. பசி எடுப்பதும் சத்தி எடுப்பதும் 'டேக்' பக்கமே போகாது. 'ரெஸ்ட் எடு' என்பதில் நடுவே ஓர் 'எ' வேண்டும்: 'டேக் எ ரெஸ்ட்'. அந்த 'எ'யைத்தான் அநேகமாக எல்லாரும் விழுங்கி விடுகிறார்கள். இந்த நாலைந்தையும் பென்சிலால் ஓரத்தில் எழுதி வைப்பது நல்லது.

இறந்த கால வடிவம் 'டுக்', குறில். 'டூக்' என்று நீட்டக்கூடாது. 'ஹேவ்'வுக்குப் பின் 'டேக்கன்' மட்டுமே. அச்சில் இதற்கு ஒலிக்குறி உண்டு என்றாலும் அதை வாசிக்கப் பழகாதவர் இதே அகராதியின் இலவச இணையப் பக்கத்தில் பிரித்தானிய, அமெரிக்க உச்சரிப்பு இரண்டையும் காதால் கேட்கலாம்.

சாதாரண தரத்துக்குப் படிப்பவர் 'டேக்' பகுதியை முழுதாக வாசிக்கத் தேவையில்லை. பொருள்களுக்கு மேலே பெரிய எழுத்தில் உள்ள சிறு தலைப்புகளை மட்டும் ஓடவிட்டு, வேண்டியதில் நின்றால் போதும். உயர்தரத்தில் ஆங்கிலம் எடுப்பவருக்குக் கூட்டுவினைப் பகுதி முழுதும் வேண்டும். தூக்கித் திரிய முடியாத கனம் இந்தப் புத்தகம். வீட்டு மேசைக்குத்தான் பொருந்தும்.