பிளைவுட்டும் வினைல் தளமும்: ஆண்டுகள் கழித்துத் தெரியும் தரம்

பிளைவுட் ஷீட்டில் ஏ, பி, சி, டி என்று அச்சிட்டிருக்கும் எழுத்து, வெளியே தெரியும் வினீரை, அதாவது மெல்லிய மரத்தாளைப் பற்றி மட்டுமே பேசுகிறது. கணு எத்தனை, ஒட்டுப் போட்ட இடம் எத்தனை, வெடிப்பு உண்டா என்பதோடு அதன் வேலை முடிந்தது. அந்த எழுத்தை மட்டும் பார்த்துத் தரையில் விரித்து, மேலே வினைல் ஒட்டிய இடங்களில் சில ஆண்டுகளில் குழி குழியாக விழும். காரணம் முகப்புக்குக் கீழே, கோர் எனப்படும் உள் அடுக்கு வினீரில் இருக்கும் வெற்றிடம். நாற்காலிக் காலோ குதிகால் செருப்போ ஊன்றும் சின்னப் புள்ளியில், மெல்லிய முகப்பு வினீர் அடியில் தாங்க ஒன்றும் இல்லாமல் நொறுங்கும். வினைல் கிழியாது, அந்தப் பள்ளத்தில் அப்படியே படிந்துகொள்ளும்.

இது தெரிந்துதான் அமெரிக்காவின் பிஎஸ் 1 தரநிலை, தளத்துக்கு அடியில் போடும் பிளைவுட்டைத் தனி வகையாகவே வைத்திருக்கிறது. அதில் முகப்புக்கு நேர் கீழே உள்ள வினீரும் பொதுவாகச் சி தரமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும்.

ஆகவே முகப்பைப் பிறகு பார்க்கலாம், முதலில் விளிம்பு. நான்கு பக்கமும் டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு கோர் துண்டுகள் சேரும் இடத்தில் கறுப்பாகச் சந்து தெரிந்தால் கேப். ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் ஓவர்லேப். அதற்கு நேர் மேலே கையை ஓட்டினால் மெல்லிய மேடு தட்டுப்படும். விளிம்பில் புட்டி பூசிப் பெயின்ட் அடித்த ஷீட்டை, ஓரத்தில் ஒரு கீற்று அறுத்துப் பார்க்காமல் எடுக்கவே வேண்டாம். விளிம்புவரை வராத வெற்றிடத்தைக் காதால்தான் பிடிக்க முடியும். ஷீட்டை இரண்டு கட்டைகள்மேல் கிடத்தி, ஸ்க்ரூ டிரைவர் பிடியால் 10 செ.மீ.க்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியாகக் கேட்ட 'டக்' ஓரிடத்தில் 'டொப்' என்று மாறும். அதைச் சுற்றிப் பென்சிலால் வட்டமிடுங்கள். ஒரே ஷீட்டில் இப்படி நாலைந்து வட்டம் விழுந்தால் அதை அலமாரி முதுகுக்கு வைத்துக்கொள்ளலாம், தரைக்கு வேண்டாம்.

எடையும் பொய் சொல்லாது. 2440 × 1220 மி.மீ. அளவில் 18 மி.மீ. ஷீட், கன மீட்டருக்கு 550 முதல் 650 கிலோ அடர்த்தியுள்ள மரமானால் ஏறக்குறைய 29 முதல் 35 கிலோ வரை இருக்கும். எத்தனை கிலோ என்பதைவிட, ஒரே கட்டாக வந்த ஷீட்டுகளுக்குள் இரண்டு மூன்று கிலோ வித்தியாசம் வருவதுதான் கவனிக்க வேண்டியது. உள்ளே பல வகை மரம் கலந்திருக்கிறது, அல்லது காலியிடம் இருக்கிறது. மூலைவிட்டம் இரண்டும் 2728 மி.மீ. வர வேண்டும், வராவிட்டால் ஷீட் கோணல். கனத்தை நான்கு மூலையிலும் நான்கு பக்க நடுவிலும், ஓரத்திலிருந்து ஓர் அங்குலம் உள்ளே காலிபர் வைத்துப் பாருங்கள். தரையில் இரண்டு ஷீட்டுக்கு இடையே வரும் அரை மில்லிமீட்டர் ஏற்றத்தாழ்வுகூட மெல்லிய வினைலில் கோடாகத் தெரியும்.

லேயர்களை ஒட்டும் பிசினுக்கு வருவோம். விளிம்பில் அடர்பழுப்புக் கோடு தெரிந்தால் தண்ணீரைத் தாங்கும் பினால் பிசின் என்பார்கள். நிறத்தைச் சாயம் போட்டும் கொண்டுவரலாம், ஆகவே அது சான்று ஆகாது. ஐரோப்பாவின் இஎன் 314-இல், வெளிப்புறத்துக்கான 3-ஆம் வகுப்புக்கு 72 மணி நேரம் கொதிநீரில் வைப்பதும் ஒரு சோதனை. சிறு துண்டை அப்படி வைத்து எடுத்து, உளியை லேயருக்கு இடையில் செருகி நெம்புங்கள். நார் நாராக மரம் கிழிந்து வந்தால் பிசின் மரத்தைவிட வலுவாக நிற்கிறது. இரண்டு முகமும் வழவழவென்று, ஈரத்தாள் பிரிவதுபோல் கழன்றால் அந்த லாட்டையே திருப்பிவிடுங்கள். எம்ஆர் முத்திரை காற்றிலுள்ள ஈரத்தைத் தாங்கும் என்பதற்கு. தண்ணீர் தேங்கும் இடத்துக்கு அது போதாது.

வினைலில் ஏமாற்றம் பெரும்பாலும் கனத்தில்தான். பெட்டியில் 5 மி.மீ. என்றிருக்கும், அதில் 1 மி.மீ. அடியில் ஒட்டிய நுரையாக இருக்கும். உண்மையில் ஆயுளைத் தீர்மானிப்பது மேலே உள்ள ஒளிபுகும் தேய்மான லேயர். மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு: 12 மில் என்றால் 0.3 மி.மீ., 20 மில் என்றால் 0.5 மி.மீ. படுக்கையறைக்கு 0.3 போதும், ஆள் நடமாட்டம் அதிகமுள்ள கூடத்துக்கும் கடைக்கும் 0.5-க்குக் குறையக் கூடாது. முதலில் மங்குவது அதற்கும் மேலே உள்ள பியூ (பாலியூரித்தேன்) பூச்சு. அதைப் பார்த்துத் தளமே தேய்ந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். மணல் துகள் நடைபாதையில் அந்த மங்கலை முதலில் கொண்டுவரும் என்பதால், வாசலில் மிதியடி கட்டாயம். ஆனால் ரப்பர் அடிப்பாகம் உள்ளது கூடாது. ரப்பரில் உள்ள வேதிப்பொருள் வினைலுக்குள் இறங்கி மஞ்சள்பழுப்பாகக் கறை பிடிக்கும். எந்தத் திரவம் போட்டுத் துடைத்தாலும் போகாது.

சுண்ணாம்புக்கல் தூளும் பிவிசியும் கலந்து செய்யும் எஸ்பிசி வினைல் பலகையில், விளிம்பில் நாக்கும் பள்ளமுமாகப் பூட்டிக்கொள்ளும் க்ளிக் லாக்தான் பலவீனமான இடம். மூன்று நான்கு பெட்டியிலிருந்து ஒவ்வொன்று எடுத்து, மாற்றி மாற்றிப் பூட்டிக் கழற்றிப் பாருங்கள். இணைப்பின்மேல் நகத்தை ஓட்டினால் தட்டக் கூடாது. சுண்ணாம்புக்கல் தூள் அதிகமாகிப் பிவிசி குறைந்த பலகையில், நாக்கு இரண்டாவது முறையிலேயே பிஸ்கட்போல் உடையும். அப்படிப்பட்டது மேடுபள்ளமான தரையில் ஓராண்டுகூட நிற்காது. நல்ல பலகையே ஆனாலும் 3 மீட்டருக்கு 5 மி.மீ.க்கு மேல் தரை ஏறி இறங்கினால் லாக் விட்டுப்போகும். சுவரோரம் 8 முதல் 10 மி.மீ. இடைவெளி விட வேண்டும். அதை விட மறந்தாலோ, கனமான அலமாரியைத் தளத்தோடு சேர்த்து ஸ்க்ரூ போட்டாலோ, வெயில் விழும் ஜன்னல் பக்கம் பலகை எழும்பும்.

பலரும் கவனிக்காத ஒன்று: பிளைவுட்டில் அளவு குறிக்கத் தச்சர் பயன்படுத்தும் மார்க்கர் பேனா. அந்த மை மெதுவாக வினைலுக்குள் ஏறி, சில மாதங்களில் மேலே நீலக் கோடாகத் தெரியும். பிசின் வடியும் கணுவும் இதே வேலையைச் செய்யும். குறிப்பதற்குப் பென்சில் மட்டும் கொடுங்கள். ஏற்கெனவே மை பட்டிருந்தால் அந்த ஷீட்டைத் திருப்பிப் போடாமல் மாற்றிவிடுங்கள்.